லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி

பூட்டுக்காரர் எண்ணெய் வாங்க வந்துவிட்டார் என்றால், உதிரிபாகக் கடைக்காரர் அடுத்த அரைமணி நேரத்துக்கு வேறு வியாபாரத்தை மறந்துவிட வேண்டியதுதான். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். குலுக்குவார். மூடியின் சீலை நகத்தால் நெருடிப் பார்ப்பார். வாங்குவது என்று முடிவானதும் அங்கேயே திறந்து, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, மோந்தும் பார்ப்பார்.

கடைக்காரர் ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "அண்ணே, வண்டிக்குத்தானே ஊத்தப் போறீங்க? நீங்களா குடிக்கப் போறீங்க?"

"நான் குடிச்சா வாந்தி எடுத்துட்டு எழுந்துருவேன். அது குடிச்சா எழுந்திருக்காது," என்றார் பூட்டுக்காரர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருடையது முப்பத்தொரு வயதான சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டி. மற்ற வண்டிகளைப் போல அதன் பிஸ்டனுக்கென்று அடியில் எண்ணெய் தேங்கி நிற்காது. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் உள்ளே போய், பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று பிறாண்டாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் தானும் எரிந்து புகையாகிப் போகும். அளவு, லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி. கூடினால் புகையும், பிளக்கில் கரி பிடிக்கும். குறைந்தால் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். கார் எண்ணெய் கொஞ்சம் மலிவாகக் கிடைக்குமே என்று யாராவது யோசனை சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது வேறு இன்ஜினுக்கான எண்ணெய், இதில் எரியவும் எரியாது, காப்பாற்றவும் காப்பாற்றாது என்று நின்ற இடத்திலேயே வகுப்பெடுத்துவிடுவார்.

மூன்று மாதங்களுக்கு முன்னால் அவர் எண்ணெயை மாற்றினார். பழைய எண்ணெயில் புகை அதிகம். தெருவில் அவர் வண்டிக்குக் 'கொசு மருந்து வண்டி' என்றே பெயர். எதிர்வீட்டு அம்மாள் அவர் கிளம்பும் நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்துவாள். கடைக்காரர் காட்டிய புகை குறைந்த புது எண்ணெய் விலை கூடுதல்தான். பத்து நாள் யோசித்து, இரண்டு பாட்டில் வாங்கினார். ஒரு மாதத்திலேயே புகை பாதியானது. இரண்டாவது மாதம் புகைக்குழாயில் வெள்ளைத் துணியை வைத்துத் துடைத்து, எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டே காட்டினார். துணியில் சாம்பல் நிறம்கூட இல்லை.

"பாத்தீங்களா? எண்ணெய்னா இதான் எண்ணெய்!"

பாவம், அந்த மனிதர் பார்ப்போரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

தெருமுனையில் இரண்டு கதவு அகலத்துக்கு ஒரு கடை வைத்திருந்தாரே தவிர, அவர் வேலை அதில் இல்லை. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று முழிப்பவர்களிடம்தான் வேலை. போன் வந்தால் ஐந்தே நிமிடத்தில் கருவிப் பையை பெட்ரோல் டேங்க் மேல் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார். வீட்டுக்காரர் எதிரில் நிற்காமல் ஒரு சாவியும் வெட்டித் தரமாட்டார். வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது எல்லாரிடமும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்: "பூட்டுக்கு நான் பொறுப்பு. சாவி யார்கிட்ட இருக்குங்கறதுக்கு நீங்க பொறுப்பு." அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஒரு வருடமாக வலது கை லேசாக நடுங்குகிறது. பூட்டுக்குள் கம்பியை நுழைத்தால் மட்டும் எப்படியோ நடுக்கம் நின்றுவிடும்.

பிரச்சினை ஆரம்பித்தது, எண்ணெய் மாற்றுவதற்கும் முன்னால் அவர் விழுந்ததில். ஈரமான சாலையில், திருப்பத்தில், வண்டியோடு சறுக்கி, மணிக்கட்டு விரிசல் விட்டு ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த அன்றே வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. மகன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஊரில் கண்டவர்களுக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறவனுக்கு, பெற்ற அப்பா ஓட்டுவது மட்டும் ஆகவில்லை.

"வித்துத் தொலைங்கப்பா. இல்ல, நானே தூக்கிட்டுப் போய் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

"அவன் சொல்றத கேளுங்க. கடையில உக்காந்து சாவி வெட்டினா போதாதா?" என்றாள் மனைவி.

"கடையில உக்காந்தா நான் பூட்டுக்காரன் இல்ல, கடைக்குப் பூட்டு," என்றார் அவர். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். வண்டி போனால், போன் வந்ததும் புறப்படுகிற அந்த ஐந்து நிமிடம் போய்விடும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவர் தன்னை ஒரு ஆளாக உணர்ந்தார்.

அப்போது அவர் பக்கம் பேசியது மகள் ஒருத்திதான். முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி. பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள்.

"அப்பா ஓட்டட்டும். ஆனா ஒரு கண்டிஷன். இந்த இன்ஜின் நிக்கிற அன்னைக்கு அப்பாவும் நிறுத்திடணும். புது வண்டி, இரவல் வண்டி எதுவும் கூடாது. சம்மதமாப்பா?"

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "என் இன்ஜினா? நிக்கவா? சரிடா குட்டி, வாக்குக் குடுத்தாச்சு!"

"இன்னொண்ணு. எண்ணெய் கலக்கறத இனிமே நான் பாத்துக்கறேன். உங்க கை நடுங்குது, அளவு தப்பிடும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மருந்தகத்தில் மில்லியில் பாதி தப்பினால் வேலை போய்விடும், அவள் கை அப்படிப் பழகிய கை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். தகர கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோல் வாங்கி வைத்திருப்பார். கைப்பையிலிருந்து இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவுக் கோப்பையை எடுப்பாள். பின்கட்டு மேடையில் அதை வைத்து, குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நீல எண்ணெயை ஊற்றுவாள். ஐந்து கோப்பை. முதல் இரண்டு வாரம் அவர் பக்கத்தில் நின்று ரசித்தார். மூன்றாவது வாரம் குளிக்கப் போய்விட்டார். பெற்ற மகளைக் காவல் காப்பாரா ஒருவர்?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. புகை குறைந்தது. துணி வெளுத்தது. வீட்டில்கூட என்னவோ ஒரு அமைதி வந்ததுபோல் இருந்தது.

மூன்றாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை, பகல் பதினோரு மணி. மேட்டுச் சாலையில் ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்கைத் திறக்க முடியாமல் வாசலில் நோயாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். பூட்டுக்காரர் மூன்றாவது கியரில் முழு வேகத்தில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் லாரி. திடீரென்று இன்ஜினிலிருந்து பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. வண்டி ஓடவில்லை, சாலையில் தேய்ந்துகொண்டு பக்கவாட்டில் போனது.

அவர் யோசிக்கவில்லை. முப்பத்தொரு வருடமாகக் கிளட்ச் மேல் கிடந்த இடது கை விரல்கள் இரண்டும் தாமாகவே இழுத்துவிட்டன. சக்கரம் விடுபட்டது. வண்டி தள்ளாடி ஓரத்துக்குப் போனது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவர் முழங்கையை உரசாத குறையாகக் கடந்தது. அவர் சாலையோரத்தில் உட்கார்ந்து, வேர்வை அடங்கும் வரை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் நாலு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். வண்டி நின்றுபோனது, மெக்கானிக் ஸ்பேனரிடம் தள்ளிக்கொண்டு போய் விட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். லாரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. மகன் ஜெயித்த மாதிரி எதுவும் பேசாமல், "டீ போடட்டுமாப்பா?" என்று கேட்டது அவருக்கே ஆச்சரியம். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பரவால்லப்பா. எத்தனை வருஷம் உழைச்சிருக்கு அது. நீங்க குடுத்த வாக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குடா," என்று அவர்தான் அவளைத் தேற்றி அனுப்பினார்.

மறுநாள் காலை ஸ்பேனர் இன்ஜினைக் கழற்றினான். ஸ்பேனர் என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சிலிண்டரை உருவி எடுத்ததும் அவன் முகம் மாறியது. பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல்.

"அண்ணே, இது வயசாகி நின்னதில்ல. எண்ணெய் இல்லாம பிஸ்டன் இறுகிப் பிடிச்சிருக்கு. பிளக்கப் பாருங்க, எலும்பு மாதிரி வெளுத்துக் கிடக்கு."

"எண்ணெய் இல்லாமயா? யார்கிட்ட பேசற தம்பி? அப்போ அந்தக் கடைக்காரன் கலப்படத்த தலையில கட்டிட்டான். இரு."

வீட்டுக்கு நடந்துபோய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தார். வழியெல்லாம் கடைக்காரனைக் கேட்க வேண்டிய கேள்விகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தார். ஸ்பேனர் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தான். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் வண்டியின் டேங்கிலிருந்து பெட்ரோலைப் பிடித்தான். இன்னொரு டம்ளரில் தன் பெட்ரோலை ஊற்றி, சரியான அளவுக்கு எண்ணெயைக் கலந்தான். இரண்டையும் ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அவன் கலந்தது நல்ல நீலம். டேங்கிலிருந்து வந்ததில் நீலம் இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம், அவ்வளவுதான்.

"எண்ணெய் முதல்தரம்ண்ணே. அளவுதான் இல்ல. கால்வாசிகூட விழல. அதான் புகையே வரல போல."

பூட்டுக்காரருக்கு அந்த வெள்ளைத் துணி ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஞாபகம் வந்தாள். காது மடல் சுட்டது.

"அளவு தப்ப வாய்ப்பே இல்ல தம்பி. கலக்கறது என் பொண்ணு. ஆஸ்பத்திரி மருந்தே அவ அளந்துதான் போகுது. அவ கையில ஒரு சொட்டு தப்பாது, தெரியுமா?"

ஸ்பேனர் குனிந்துகொண்டான். கழற்றிய பிஸ்டனைத் துணியால் துடைத்தான், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவன் துடைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தான் சொன்ன வார்த்தையே பூட்டுக்காரரின் காதில் திரும்ப விழுந்தது. அவள் கையில் ஒரு சொட்டு தப்பாது.

"சரி பண்ண முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சிலிண்டரப் போன தடவையே கடைசி சைஸுக்குக் குடைஞ்சாச்சுண்ணே. இதுக்கு மேல குடைய சுவர் இல்ல. இந்த வண்டிக்கு வேற சிலிண்டரும் கிடைக்காது. மன்னிச்சிருங்க."

வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தள்ளினார். கதவு திறந்தது. பிறகு அவர் திறந்த கதவைச் சாத்தினார், மறுபடி திறந்தார். மறுபடி சாத்தினார். அந்தக் கதவு அவர் குடிவந்த நாளிலிருந்து கிறீச்சென்று கத்துகிற கதவு. ஊர்க் கதவையெல்லாம் சரிசெய்கிறவர் தன் வீட்டுக் கதவைத் தொடமாட்டார் என்று மனைவி பத்து வருடமாகக் குத்திக்காட்டுகிற கதவு. இன்றைக்குச் சத்தமே இல்லை. எத்தனை நாளாக இல்லை?

கீலில் விரலை வைத்தார். வழுவழுவென்றிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார், மோந்தார். ஆயிரம் எண்ணெயில் கலந்து வைத்தாலும் அடையாளம் சொல்வார் அதை. நகக்கண்ணில் நீலமாக ஒட்டியிருந்தது. சமையலறைக் கதவில் பார்த்தார், நீலம். படுக்கையறை, குளியலறை, ஜன்னல் கொக்கி, மனைவியின் தையல் மெஷின், எல்லாவற்றிலும் நீலம். பூட்டுகளில் மட்டும் ஒரு சொட்டுகூட இல்லை. பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசி சேரும், விடக்கூடாது என்பது பூட்டுக்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் தெரியும்.

"கதவுக்கெல்லாம் யார் எண்ணெய் போட்டது?"

"குட்டிதான். வரும்போதெல்லாம் ஒண்ணொண்ணா போடுவா," என்றாள் மனைவி காய் நறுக்கிக்கொண்டே. "மிச்சத்த வீணாக்கக் கூடாது, சாக்கடையிலயும் ஊத்தக் கூடாதுன்னா. உங்களுக்கு எங்க நேரம்? ஊரார் வீட்டுக் கதவத் தொறக்கவே சரியா இருக்கு."

மிச்சம். அளந்து ஊற்றுகிறவளுக்கு ஏது மிச்சம்?

ஞாயிறு வரை மூன்று நாள் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வண்டிக்காக ஏங்குகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவர் ஏங்கியது அதற்கில்லை. 'இரும்புக்குப் போட்டுருவேன்' என்று மூஞ்சிக்கு நேராகக் கத்திய மகன் மேல் அவருக்கு இப்போது கோபமே இல்லை. அவன் எதிரில் நின்று கத்தினான், அவ்வளவுதான். இவள் தன் பக்கம் என்று நம்பினாரே, நெஞ்சு நிறைந்துபோனாரே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த வயதில் ஏமாந்துபோனதை யாரிடம் சொல்லி அழ முடியும்?

ஞாயிற்றுக்கிழமை குட்டி வழக்கம்போல் வந்தாள். பின்கட்டு மேடையில் தகர கேன், எண்ணெய் பாட்டில் எல்லாம் தயாராக இருந்ததைப் பார்த்து முகம் சுருங்கியது.

"என்னப்பா இதெல்லாம்? வண்டிதான் இல்லையே."

"சும்மா ஒரு தடவ அளந்து காட்டு. எனக்குப் பாக்கணும்போல இருக்கு."

அவள் கைப்பையிலிருந்து கோப்பையை எடுத்தாள். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து ஊற்றினாள். கை கொஞ்சமும் ஆடவில்லை. எண்ணெய் கோட்டில் வந்து நின்றது.

"எவ்வளவு?"

"இருபத்தஞ்சுப்பா."

"போன ஞாயித்துக்கிழமை எவ்வளவு?"

கோப்பை மேடையில் உட்கார்ந்தது. குட்டி நிமிரவேயில்லை.

"ஆறு," என்றாள்.

"அதுக்கு முன்னாடி?"

"எட்டு. அதுக்கு முன்னாடி பத்து. படிப்படியாத்தான்ப்பா குறைச்சேன். சில மாத்திரைய ஒரேயடியா நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அந்த மாதிரி. தானா சக்தி குறைஞ்சு, ஒரு நாள் வாசல்லயே ஸ்டார்ட் ஆகாம நின்னுடும்னு நெனச்சேன்." அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "உங்கள இன்னொரு தடவ ஆஸ்பத்திரி பெட்ல பாக்க என்னால முடியாதுப்பா. அண்ணன் மாதிரி கத்தியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீ யாருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் அவர் கையைப் பிடிக்க வந்தாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெய் இல்லாம பிடிச்சா என்ன ஆகும்னு யாரையாவது கேட்டியா குட்டி?"

"நின்னுடும்."

"இன்ஜின் நிக்கும். அதோட பின்சக்கரமும் நிக்கும். ஓடிக்கிட்டிருக்கும்போதே. மேட்டு ரோட்டுல, பின்னாடி லாரி வரும்போது. கிளட்ச்ச இழுக்க அரை நொடி தாமதமாயிருந்தா, நீ ஆஸ்பத்திரி பெட்லகூட என்னைப் பாத்திருக்க மாட்ட."

குட்டியின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. எந்த மருந்துக்கும் பக்கவிளைவு என்ன என்று இரண்டு தடவை படிக்காமல் கைநீட்டிக் கொடுக்காதவள். மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு அவளைத் தூக்கி நிறுத்தத்தான் கை பரபரத்தது. முப்பத்தாறு வருடப் பழக்கம். ஆனால் போகவில்லை.

"அம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்தேன், வண்டியும் இனிமே ஓட்ட மாட்டேன். எழுந்து முகம் கழுவு," என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

அடுத்த வாரம் முழுவதும் அவர் கடையில் உட்கார்ந்து சாவி வெட்டினார். பல் டாக்டர் வேறு ஆளை வைத்துப் பூட்டை மாற்றிக்கொண்டதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை வாசல் கதவின் கீல்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். துணியில் நீலம் வருவது நிற்கும் வரை துடைத்தார். வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டினார். வீட்டின் மற்ற கதவுகளைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கூடத்தில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே சாவி திரும்பியது. கதவு கிறீச்சென்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

குட்டி கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். "என்னப்பா, மறுபடி சத்தம் போடுது?"

"நான்தான் கழுவினேன்," என்றார் அவர், திரும்பாமலே. "இனிமே நீ உள்ள வர்றது எனக்குக் கேக்கணும்."